வாத்தியார் வண்டியும் டர்போ எஞ்சினும்

எஞ்சின் மாத்தற பட்டறைக்கு வாரவங்க பாதிக் கதையத்தான் சொல்லுவாங்க, மீதிய நாமதான் மோந்து பாத்துக்கோணும். பட்டறை வெச்சிருக்கறவங்க, பட்டறைக்காரனப் பெத்தவங்க, கட்டிக்கிட்டவங்க, உங்களுக்குத் தெரியாததா நாஞ் சொல்றேன்? நாமக்கல்ல லாரி பாடி கட்டற கம்பெனிகளுக்கு நடுவால எங்க பட்டறையும் ஒண்ணு இருக்குதுங்க. வேலை பாக்கறது என்ற பையன் மோகன். வாசல்ல சேர் போட்டு உக்காந்து சந்தேகப்படறது நானு.

பென்சிலும் நோட்டும்

எந்த எஞ்சின் வந்தாலும் சரி, அதும்மேல பேப்பர வெச்சு, பென்சில்ல தேச்சு நம்பர எடுத்துப்போடுவேன். ஆர்டிஓ ஆபீஸ்ல பேரு மாத்தறப்ப எடுப்பாங்களே, அதே பென்சில் பிரிண்டுதான். அத நோட்டுல ஒட்டி, பக்கத்துல வண்டிக்காரர் பேரு, ஊரு, போன் நம்பரு எல்லாம் எழுதி வெச்சுக்குவேன்.

எதுக்குன்னு கேளுங்க. எங்கூட்டுக்காரரு இருந்தப்ப எவனோ கொண்டாந்த லாரி எஞ்சின நம்பி வேற வண்டில பூட்டிப்போட்டாரு. அது திருட்டு எஞ்சின். மூணு நாளு ஸ்டேஷன் பெஞ்சுல உக்கார வெச்சுட்டாங்க. நாந்தேன் தூக்குப்போசில சோறு கொண்டுபோவேன். அந்தப் போசி இன்னும் இருக்குது, மூடியத்தான் காணோம். எடுத்தது என்ற நாத்தனாருன்னு எனக்கொரு சந்தேகம், அது கெடக்கட்டும். அன்னைலிருந்து பென்சில் இல்லாம நான் பட்டறைக்கு வாரதில்லீங்க. எங்ககிட்ட வெல்டிங் பாக்கற பழனி அதுக்கு ஒரு நாளு சொல்றான்: "ஏனுங்க அம்மிச்சி, ஊட்டுக்கு சம்பந்தம் பேச வாரவங்களுக்கும் பென்சில் பிரிண்ட் எடுத்துப்போட்டுத்தான் காப்பி குடுப்பீங்களாட்ட இருக்குது!"

முட்டை டெம்போவுல வந்த எஞ்சின்

போன ஆடி மாசம் ஒரு வாத்தியாரு வந்தாருங்க. ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துல கெமிஸ்ட்ரி சொல்லிக் குடுக்கறவரு, கதிரேசன்னு பேரு. அவரு வண்டி சின்ன வண்டி, நாலு பேரு உக்காந்தா மூச்சு வாங்கும். பின்னாலயே முட்டை ஏத்தற டெம்போ ஒண்ணு வந்து நின்னுது. முட்டை அட்டைகளுக்கு நடுவால, சாக்கு போத்தி, கயித்துல கட்டி ஒரு டர்போ எஞ்சின். பெரிய வண்டில இருந்து எறக்குனதாம். அத இதுக்குள்ள வெக்கோணுமாம்.

நல்ல எஞ்சின்னா எதுக்கு முட்டைக்குள்ள ஒளிஞ்சுட்டு வருது? பென்சில எடுத்துட்டுப் போனா நம்பர் இருக்கற எடமெல்லாம் பெயிண்டு அப்பிக் கெடக்குது. "பேப்பரெல்லாம் நான் பாத்துட்டேம்மா, நீ உக்காரு"ன்னு மோகன் வெரட்டறான். அவங்கப்பனும் இப்படித்தான் சொன்னாரு. அந்த பெஞ்சு இன்னொருக்கா எங்கூட்டாளுக்குக் காத்துட்டு இருக்குதோன்னு எனக்குத் தோணுது. வாத்தியாரயே கேட்டேன்: "ஏனுங்க சார், பாடம் நடத்தறவருக்கு இவ்வளவு வெசை எதுக்குங்க?" அவரு தரையப் பாத்துட்டு, "கொல்லிமலை ஏறோணுமுங்க"ன்னாரு. அங்க என்ன வேலைன்னு கேட்டா, அதுக்குப் பதிலு: "எழுபது வளைவு இருக்குதுங்கம்மா."

தல குனிஞ்ச வண்டி

எஞ்சின் உள்ள எறங்கவே மாட்டேன்னுடுச்சு. மவுண்ட அறுத்து வேற வெல்டு வெச்சாங்க. டர்போவுல இருந்து சூடா வார காத்த ஆத்தறதுக்கு ஒரு ஜாலி, ரேடியேட்டராட்டமே இருக்கும், அத வெக்க எடமில்லாம பம்பர உள்பக்கமா வெட்டி வெச்சாங்க. எல்லாம் பூட்டி ஜாக்கிய எறக்குனா, வண்டி முன்னால கவுந்து மூக்கு தரையத் தொடறாப்பல நிக்குது. முன்ஸ்பிரிங்க மாத்து, பிரேக்க மாத்து, ஆக்சில மாத்துன்னு ஒண்ணொண்ணா வந்துட்டே இருந்துது. வெசைய ஏத்திப்போட்டு பிரேக்க அப்படியே உட முடியாதல்லங்க.

நடுவால மோகனும் வாத்தியாரும் அடிக்கடி மூலையில போயி குசுகுசுன்னு பேசறாங்க. நாங் கிட்டப் போனா மழையப் பத்திப் பேசறாங்க. நாமக்கல்லுல எங்கீங்க மழை? பழனியக் கூப்புட்டு என்னடா சங்கதின்னேன். அவன் கண்ணாடிய நெத்திக்கு ஏத்தி உட்டுட்டுச் சொன்னான்: "அம்மிச்சி, நான் வெல்டரு. ஒட்டறதுதான் என்ற வேலை, பிரிச்சுச் சொல்றது இல்லீங்."

ரெண்டு பக்கத்துலயும் ஒரே நம்பரு

ஒரு மத்தியானம் எல்லாரும் சாப்புடப் போயிட்டாங்க. எனக்குக் கண்ணுல புரை எடுத்ததுல இருந்து கண்ணாடி போட்டாலும் பொடி எழுத்து தெரியறதில்லீங்க. அந்த டாக்டரு கெட்டிக்காரருதான், ஆனா சொட்டு மருந்த மட்டும் அவரு சொல்ற கடையிலயே வாங்கச் சொன்னாரு, ஏன்னு இன்னமும் எனக்குத் தெரியில. சரி, டீசல்ல துணிய நனைச்சு எஞ்சினத் தொடைச்சேன். பெயிண்டு போகல. ஸ்குரூ டிரைவர வெச்சுச் சொரண்டுனேன், அது வழுக்கி ஒரு சாண் நீளத்துக்கு கீறல் போட்டுடுச்சு. ஆனாலும் நல்லா பெருசா, புடைச்சாப்பல நம்பரு வந்துது. பென்சில வெச்சுத் தேச்சனா, முத்து முத்தா உழுந்துது.

நோட்டத் திருப்புனேன். அதே நம்பரு, அச்சு அசலா, ரெண்டு வருசத்துக்கு முந்தி கிளட்சு வேலைக்கு வந்த வாழப்பாடி மண்டிக்காரரு பக்கத்துல இருக்குது! அவரு வண்டி திருடு போச்சுன்னு பொறவு வந்து பொலம்பிட்டுப் போனவரு. போலீசு வாரதுக்கு முன்னால உடையவங்ககிட்ட ஒப்படைச்சா மோகன் தப்பிச்சுக்குவான்னு என்ற புத்திக்குப் பட்டுச்சு. போனப் போட்டேன். அவரு ஒரு கேள்வி கேக்கல. "யாரையும் தொட உடாதீங்கம்மா, இதோ கெளம்பிட்டேன்!"

அந்தக் கீறல்

சாயங்காலம் கூட ரெண்டு ஆளோட வந்து எறங்கிட்டாருங்க. நோட்டப் பாத்தாரு, எஞ்சினப் பாத்தாரு. "என்னுதுதான்! கயட்டுங்க, ஏத்துங்க"ன்னு சத்தம். வாத்தியாரு மூஞ்சி செத்துப் போச்சு. மோகன் என்னைப் பாத்த பார்வைய நான் மறக்க மாட்டேன். அவன் பேச வாயத் தொறக்கறதுக்குள்ள மண்டிக்காரரு எஞ்சின் மேல கைய வெச்சு, "நம்பரே வேணாம்யா! இந்தக் கீறல் போதும். வாங்கின வருசமே நானே ஸ்பேனர உட்டு இழுத்தது"ன்னாரு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. சொன்னா என்ற மானம் போகும், சொல்லாட்டி வாத்தியாரு எஞ்சின் போகும். பல்லக் கடிச்சுட்டுச் சொல்லிப்போட்டேன்: "அது இன்னைக்கு மத்தியானம் நான் போட்ட கீறலுங்க." மோகன் டார்ச்ச அடிச்சு, புடைச்சிருந்த நம்பரக் காட்டுனான். "அம்மா, இது வார்ப்புலயே வாரது. இந்த மாதிரி எஞ்சின் ஆயிரம் இருந்தா ஆயிரத்துலயும் இதே நம்பர்தான் இருக்கும். ரெண்டு வருசத்துக்கு முந்தியும் நீ இதையேதான் தேச்சிருக்கே. வண்டிக்கு வண்டி மாறற எஞ்சின் நம்பரு இங்க"ன்னு கீழ பெயிண்டத் தொடைச்சான். பொடிப்பொடியா வெட்டுன எழுத்து. வாத்தியாரு பையில இருந்து பில்லு எடுத்தாரு. கோயமுத்தூர்ல, பின்னால அடி வாங்கின வண்டியப் பிரிச்சு வித்த கடை பில்லு. துரு புடிக்காம இருக்கக் கடையில அடிச்ச பெயிண்டாம் அது, முட்டை எறக்கிட்டுத் திரும்பற டெம்போன்னா வாடகையும் கம்மியாம். எழுத்துக்கு எழுத்து சரியா இருந்துது. ஆர்டிஓ ஆபீஸ்ல எஞ்சின் மாத்த அனுமதியும் வாங்கி வெச்சிருக்காரு. உங்க வண்டி எஞ்சின் நம்பரச் சொல்லுங்கன்னு மோகன் கேட்டான். மண்டிக்காரரு ஊட்டுல பாத்துட்டுச் சொல்றேன்னு போனவருதான்.

பொறவுதான் குசுகுசு என்னன்னு சொன்னாங்க. வாத்தியாரு சம்சாரம் மலை மேல ஆஸ்பத்திரில நர்ஸு, ஏழு மாச வயிறு. ஹாஸ்டல்ல இவருக்கு வாரத்துல அரை நாளுதான் லீவு. இவரு வண்டி பாதி வளைவுலயே நின்னு போகுமாம். எஞ்சின் மாத்தறது அந்தம்மாவுக்குத் தெரிஞ்சா பயந்துக்கும்னு, என்ற வாய்க்குப் பயந்து எங்கிட்ட மறைச்சிருக்காங்க. நாங் கைகூப்பி, அந்தக் கீறல் மேல பெயிண்டு அடிச்சுத் தாரேன் சார்னேன். வாத்தியாரு அன்னைக்குத்தான் மொதல்ல சிரிச்சாரு: "அடிக்காதீங்கம்மா, அது இல்லாட்டி இன்னேரம் என்ற எஞ்சின் வாழப்பாடி போயிருக்கும்."

இப்பவும் எஞ்சின் வந்தா பென்சிலோடதான் போறேனுங்க, ஆனா நம்பரச் சந்தேகப்படறதுக்கு முன்னால என்ற மூக்குக் கண்ணாடிய ஒருக்கா சந்தேகப்பட்டுக்கறேன்.