என் மகளைப் பற்றி எழுதிய இரண்டு வரி

மார்ச் மாதம் முழுவதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏப்ரலில் பேஸ்போல் பருவம் தொடங்கும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் எங்களுடையது ஒரு சின்னக் கழகம். கீழ்ப்பிரிவு, ஆணும் பெண்ணும் கலந்தே ஆடுவோம். ஆடுவோம் என்கிறேனே தவிர நான் பந்தைத் தொடுவதில்லை. மகள் சேர்ந்த நாளில், வேலியோரம் சும்மா நின்ற என்னைப் பிடித்து ஸ்கோர் எழுத உட்கார்த்திவிட்டார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு பந்தையும் பென்சிலால் குறிப்பது என் வேலை. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு இதெல்லாம் ஒரு விளையாட்டா என்றுதான் முதலில் இருந்தது. இப்போது மழையால் பயிற்சி நின்றால் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன்.

ஒருநாள் பயிற்சியாளர் என்னிடம் வந்தார். புதிய பருவத்துக்கான மாற்றுப் பந்தெறிபவர்களைப் பற்றிக் கழகத்தின் இணையப் பக்கத்துக்கு எழுதித் தரச் சொன்னார். "அவர்களை உங்களைப்போல் பார்த்தவர் வேறு யாரும் இல்லை" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதலில் எறிபவர் களைத்ததும் ஆட்டத்தின் பின்பகுதியில் இறங்குகிறவர்கள் இவர்கள். அதுவரை மைதான மூலையில் ஒரு நீள மர வாங்கில் இருப்பார்கள். கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று தெரியாது. எழும்புவார்கள், தோளைச் சுழற்றுவார்கள், திரும்பவும் இருப்பார்கள். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் கடிதத்துக்குக் காத்திருந்த காலத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன். அதனாலோ என்னவோ எனக்கு இவர்களைத்தான் பிடிக்கும்.

எங்களிடம் நான்கு பேர். குழாய் வேலை செய்யும் இடக்கையன் ஒருவன். அவன் பந்து அவ்வளவு மெதுவாக வரும், அடிப்பவர் அவசரப்பட்டு மட்டையைச் சுழற்றிவிட்டு முழிப்பார். டொமினிக்கன் நாட்டிலிருந்து வந்த பேக்கரிக்காரர் இன்னொருவர். நல்ல வேகம், ஆனால் பந்து எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது. மூன்றாவது, ஆசிரியர் பயிற்சியில் இருக்கும் ஒரு நெட்டையன். எவ்வளவு அடி வாங்கினாலும் ட்ராமுக்கு நிற்பவன் போல நிற்பான். நான்காவது என் மகள்.

கடைசி இன்னிங்ஸில் பந்தெறிவது யார் என்பதுதான் இந்தப் பருவத்தின் கேள்வி. வெற்றியைக் காப்பாற்றுகிற இடம் அது. மகள் அந்த இடத்துக்காகவே குளிர்காலம் முழுவதும் எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ் கார்த் தரிப்பிடத்தில் சுவரோடு எறிந்து பழகினாள். உள்ளதைச் சொன்னால் நால்வரில் அவள்தான் கெட்டிக்காரி. மற்றவர்கள் பதறும் நேரத்தில்தான் அவள் கை நிதானமாகும்.

முதல் மூவரைப் பற்றி அரை மணித்தியாலத்தில் எழுதி முடித்தேன். புகழ்ச்சியை அள்ளி விட்டேன் என்றே சொல்லலாம். மகளிடம் வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. பெற்றவர் வாயால் பிள்ளையைப் புகழ்ந்தால் கண்ணேறு போல நாவூறு பட்டுப் பிள்ளைக்குக் கெடுதல் வரும் என்பது எங்கள் ஆட்களின் பயம். மனைவியைக் கேட்டேன்.

"இஞ்சருங்கோ, எங்கட பிள்ளையை நாங்களே புழுகக் கூடாது. ஆக்கள் என்ன நினைப்பினம்?" என்றாள்.

அதனால் இரண்டே வரி எழுதினேன். 'இன்னும் நிறையப் பழக வேண்டும். கடைசி நேரத்தில் பதற்றப்படுவாள்.' எங்கள் ஆட்கள் யாராவது வாசித்திருந்தால் தகப்பன் அடக்கமாகச் சொல்கிறான் என்று சிரித்திருப்பார்கள். நான் எழுதியதோ ஜெர்மன் மொழியில், எழுதினதை எழுதினபடியே எடுக்கிற மனிதர்களுக்கு.

கட்டுரை வந்தது. மகள் அதை வாசித்தாள். அன்றிலிருந்து கார்த் தரிப்பிடத்தில் பந்துச் சத்தம் நின்றுபோனது. நான் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன், யன்னலைத் திறந்தேன், மூடினேன். அந்தச் சனிக்கிழமை பயிற்சியில், கடைசி இன்னிங்ஸ் இடக்கையனுக்கு என்று அறிவித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயிற்சியாளரை மறித்தேன்.

"நான் எழுதிய அந்த இரண்டு வரியை நம்பியா முடிவெடுத்தீர்கள்? அது பொய்!"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "நான் நம்பவில்லை. அவளுக்குத்தான் கொடுத்தேன். அவள்தான் வேண்டாம் என்றாள். அப்பா ஒவ்வொரு பந்தையும் பார்க்கிறவர், அவர் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்றாள்."

இவ்வளவு காலமும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குப் பயந்து, கண் முன்னால் நின்ற பிள்ளையை நானே வெட்டியிருக்கிறேன்.

வீட்டுக்கு வரும்போது ட்ராமில் அவள் பக்கத்தில் இருந்தேன்.

"பிள்ளை, நான் எழுதினது பொய்."

"அப்ப ஏன் எழுதினனீங்கள்?"

"உனக்கு நாவூறு பட்டிடும் எண்டு பயந்திட்டன்."

"மற்ற மூண்டு பேருக்கும் படாதோ, அப்பா?"

ஊரார் பிள்ளைகளுக்கு என்ன வந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தவன் போல வெட்கமாக இருந்தது. அவள் சிரிக்கவில்லை. வெளியே பார்த்தபடி சொன்னாள்:

"நீங்கள் என்னைப் பற்றி நல்லதா ஒண்டும் சொன்னதே இல்லை. அதாலை இதாவது உண்மையா இருக்கும் எண்டு நினைச்சன்."

அன்றே இணையப் பக்கத்துக்கு வேறு வரிகளை அனுப்பினேன். அவள் வாசித்தாளா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

முதல் ஆட்டத்தில் கடைசி இன்னிங்ஸ் வந்தபோது நாங்கள் ஓர் ஓட்டத்தால் முன்னிலையில் இருந்தோம். இடக்கையன் எறிய எறிய அடித்தார்கள், எதிரணியின் இருவர் ஓடத் தயாராக நின்றார்கள், இருவரும் ஓடி முடித்தால் எங்களுக்குத் தோல்வி. பயிற்சியாளர் மூலை வாங்கைப் பார்த்து என் மகளுக்குக் கை காட்டினார். அவள் எழும்பினாள், ஆனால் நடக்கவில்லை. அவரைப் பார்க்காமல் என் மேசையைப் பார்த்தாள்.

ஸ்கோர் எழுதுகிறவன் வாய் திறக்கக் கூடாது. நான் பென்சிலைப் போட்டுவிட்டு எழும்பினேன்.

"போ பிள்ளை! நாலு பேரிலையும் நீதான் திறம்! நான் பாத்தனான்!"

மைதானமே என் பக்கம் திரும்பியது. அவள் நடந்து போய் நடுவில் நின்றாள். முதல் பந்து அடிப்பவரிடம் போகாமல் தரையில் குத்திப் புரண்டது, பேஸ்போலில் அது பிழையான எறி. நாவூறுதான் என்று நினைத்தேன். ஆனாலும் இரண்டாவது பந்துக்கு முன் அதையே இன்னும் பலமாகக் கத்தினேன்.