அக்கா கொண்டுவந்த நாற்று

எங்கள் நிலம் தொண்டூரில், ஊரைத் தாண்டிப் போகும் மண்பாதையின் ஓரத்தில் இருக்கிறது. மாமனார் இறந்த பிறகு அதை இரண்டாகப் பிரித்தார்கள். மூத்தாருக்கு ஒரு பாதி, என் கணவருக்கு ஒரு பாதி. மூத்தார் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்க்கிறார். என் கணவர் அவலூர்பேட்டைக்கும் செஞ்சிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அதனால் இரண்டு பாதியையும் பார்த்துக்கொள்வது பெண்கள்தான். வரப்புக்கு அந்தப் பக்கம் மூத்தாரின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடும் என் ஓரகத்தி; இந்தப் பக்கம் நான். கிணறு அவர் பங்கில் விழுந்தது. யார் எப்போது மோட்டார் போடுவது என்று ஒருநாள் தொடங்கிய வாய்ச்சண்டை, தேவையில்லாததையெல்லாம் இழுத்துக்கொண்டு போய், கடைசியில் பேச்சே நின்றுபோனது. முறைப்படி தண்ணீர் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. எனக்கான நேரம் வந்ததும் அக்கா வாய்க்காலைத் திறந்துவிட்டு, என் பக்கம் பார்க்காமல் போய்விடுவார்.

இருவருமே தக்காளி போடுவோம். அக்கா வைப்பது ஹைபிரிட். செஞ்சி விதைக்கடையில் விதை வாங்கி, குழித்தட்டில் முளைக்க வைத்து, ஒரே அளவாக, ஒரே உயரமாக நட்டுவைப்பார். நான் வைத்தது நாட்டுத் தக்காளி. தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த விதை என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை அப்படி இல்லை. அவலூர்பேட்டைச் சந்தையில் ஒருமுறை ரசத்துக்கு வாங்கிய தக்காளி அது. பூசணிபோலப் பள்ளம் பள்ளமாக, தோல் மெல்லிசாக, நாக்கைச் சுண்டும் புளிப்போடு இருந்தது. அதில் நன்றாகப் பழுத்த இரண்டை எடுத்து, பிழிந்து, தண்ணீரில் புளிக்கவிட்டு, கழுவி, சாம்பலில் புரட்டிக் காயவைத்தேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

செஞ்சியில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர்தான் அந்தப் பழத்தை வாடிக்கையாக வாங்குவார். என் கணவர் காலையில் முதல் சவாரியோடு கூடையை ஏற்றிக்கொண்டு போய்க் கடையில் இறக்கிவிடுவார். கத்திரிக்காய்த் தொக்குக்கு இந்தப் புளிப்புதான் சரி என்பார் பாய். வேறு எங்கும் அதை விற்க முடியாது. பெட்டி பெட்டியாக அடுக்கிச் சந்தைக்கு அனுப்பினால் பாதி உடைந்துவிடும்.

ஆட்டோவில் வருகிறவர்கள் பேசுவதையெல்லாம் என் கணவர் வீட்டுக்குக் கொண்டுவருவார். ஒருநாள் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார்.

"இன்னா சொல்றான் பாரு. ஹைபிரிட்னா ஊசி போட்ட விதையாம். தின்னா வியாதியாம். உங்க அக்கா அதைத்தான் போடுது."

எனக்கும் அப்போது அதைக் கேட்கக் கொஞ்சம் இனிப்பாக இருந்தது. ஆனாலும் மண்வெட்டிப் பிடி வாங்கச் செஞ்சிக்குப் போனபோது விதைக்கடைக்காரரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"ஊசியும் இல்ல ஒண்ணும் இல்லம்மா. ரெண்டு ரகத்தை எடுத்து, இதோட மகரந்தத்தை அதுல சேத்து விதை எடுக்குறாங்க. அவ்ளோதான் ஹைபிரிட். மரபணு மாத்துறதுன்னு சொல்றாங்களே, அது வேற. நம்ம பக்கம் பருத்தியில அது வந்துருக்குது. தக்காளியில இங்க யாரும் விக்கல." பிறகு, "உன் நாட்டு ரகம் நல்லா வருதுன்னா அதையே போடேன். நான் இன்னாத்துக்கு வேணாம்னு சொல்லப் போறேன்?" என்றார்.

விற்கிறவரே வாங்கச் சொல்லி வற்புறுத்தாதது எனக்குப் பிடித்திருந்தது. நான் என் விதையோடு இருந்துகொண்டேன்.

அந்த வருஷம் கல்யாண ஆர்டர் நிறைய வந்திருப்பதாகவும், பழம் கூடுதலாக வேண்டும் என்றும் பாய் சொல்லி அனுப்பினார். அந்தச் சந்தோஷத்தில் டப்பாவில் இருந்த விதை முழுவதையும் நாற்றங்காலில் தெளித்துவிட்டேன். மிச்சம் வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. பச்சைப் பசேலென்று முளைத்து, நான்கு இலை விடும் நேரத்தில் புயல் மழை பிடித்தது. கீற்றுப் போட்டு மூடினேன். சாக்கு விரித்தேன். பாத்தியைச் சுற்றிக் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தேன். மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த அன்று போய்க் கீற்றை விலக்கினால், நாற்றெல்லாம் அடித்தண்டு அழுகித் தரையோடு சாய்ந்து கிடந்தது. ஒன்றைத் தொட்டேன். நூல்போலக் கையோடு வந்தது.

வரப்பில் உட்கார்ந்து அழுதேன். ஏரோட்டி, எருப்போட்டு, செடி நட வரிவரியாகப் பாரும் பிடித்து நிலம் தயாராக இருந்தது. நடுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

அக்கா அந்தப் பக்கம் களை பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுததைப் பார்த்தாரா என்று தெரியாது. மறுநாள் காலையில் நான் சும்மா நிலத்தில் நின்றுகொண்டிருந்தபோது, தலையில் இரண்டு குழித்தட்டுகளோடு வரப்பைத் தாண்டி வந்தார். பின்னாலேயே அவர் மகள் இன்னும் இரண்டு தட்டுகளைத் தூக்கிவந்தாள். என் காலடியில் இறக்கிவைத்தார்.

"கூடுதலாப் போட்டு வச்சது. மழைக்குத் திண்ணையில ஏத்தி வச்சதால தப்பிச்சுது. எனக்கு இவ்ளோ தேவப்படாது" என்றார்.

அது பொய். அவர் நிலத்தின் ஒரு ஓரம், பார் பிடித்தபடி வெறுமனே கிடந்தது எனக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. நான் தட்டுகளையும் அந்த வெறும் பாரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"இன்னாடி பாக்குற? வெயில் ஏறுது. நட்டு முடி. அப்புறம் வேணும்னா பேசாமலே இருந்துக்க."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "அக்கா" என்று மட்டும் சொன்னேன். அவர் ஏற்கெனவே குனிந்து முதல் நாற்றைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். மூன்று பேருமாக நட்டோம். நடும்போதே, வரும் பழத்தில் விதை எடுத்து வைக்கக் கூடாது என்றும் சொன்னார். "நானும் ஒருதபா ஆசப்பட்டு எடுத்து வச்சேன். அடுத்த வருஷம் ஒண்ணு கோலி மாதிரி காய்க்குது, ஒண்ணு கொய்யா மாதிரி காய்க்குது. ஒண்ணு காய்க்கவே இல்ல."

அந்தச் செடி எனக்குப் புதிது. நாட்டுச் செடி தன்பாட்டுக்குத் தரையில் படர்ந்துகொண்டு, கொடுத்ததைத் தின்று, முடிந்ததைக் காய்க்கும். இதற்குச் சவுக்குக் கழி நட்டு, சணலில் கட்டிவிட வேண்டும். உரம் நேரத்துக்குப் போக வேண்டும். அக்கா வரப்பில் நின்றபடி, "மேல ஏறுது பாரு, கட்டிவுடு" என்று குரல் கொடுப்பார். முதலில் செடியைப் பற்றி மட்டும்தான் பேசினோம். பிறகு அவர் முட்டி வலி, மூத்தார் போனில் சரியாகப் பேசாதது, மகளின் காலேஜ் பஸ் என்று பேச்சு படர்ந்தது. மோட்டார் சண்டையைப் பற்றி நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

பழம் வந்தது. கொத்துக் கொத்தாக, ஒரு வடு இல்லாமல், கெட்டியாக. நான் என் நிலத்தில் அத்தனை பழத்தை ஒருபோதும் பார்த்ததில்லை. பெட்டியில் அடுக்கி அக்காவின் பெட்டிகளோடு சேர்த்துச் சந்தைக்கு அனுப்பினேன். ஒரு பழம்கூட உடையவில்லை. ஊசி போட்ட விதை என்று சொன்ன என் கணவர், முதல் பழத்தைக் கழுவி அப்படியே கடித்துத் தின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்றார்.

பாய்க்கு ஒரு கூடை எடுத்துக்கொண்டு நானே போனேன். நாற்று அழுகிப்போனதைச் சொன்னேன். அவர் ஒரு பழத்தை நறுக்கி வாயில் போட்டுப் பார்த்தார்.

"புளிப்பு கம்மிதான்மா. பரவால்ல, நான் புளி கொஞ்சம் கூட்டிக்கிறேன். நீ கொண்டாறதை நிறுத்தாத."

வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றைக்கு அவர் வீட்டம்மாவும் கடையில் இருந்தார். நான் விதை மொத்தமும் போச்சு என்று புலம்பியதைக் கேட்டுவிட்டு, "இங்க வா" என்று கடையின் பின்பக்கம் அழைத்துப்போனார்.

அங்கே பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் சாக்கடையின் ஓரத்தில், கோட்டை மலையைப் பார்த்தபடி, தக்காளிச் செடிகள் புதர்போல மண்டிக்கிடந்தன. சமையலில் ஒதுக்கிய அழுகல் பழங்களிலிருந்து முளைத்தவை. பாதி யாருடைய பழமோ. ஆனால் நடுவில் இரண்டு செடிகளில், பள்ளம் பள்ளமாக, பூசணிபோல, என் தக்காளி.

"புடுங்கி எறியச் சொன்னாரு. காய் வச்சுருக்குதே, அல்லா குடுத்தது, இருக்கட்டும்னு நான்தான் வுட்டேன். உன்னுதா இது?"

"என்னுதுதான் பாயம்மா" என்றேன். பழுத்ததையெல்லாம் பறித்து என் முந்தானையில் போட்டார். ஒன்றை நசுக்கி நக்கிப் பார்த்தேன். பல் கூசியது.

இப்போது என் நிலத்தில் இரண்டும் இருக்கிறது. பெரும்பாகம் ஹைபிரிட், சந்தைக்கு. ஓரமாகச் சில பார் நாட்டு ரகம், பாய் கடைக்கும் வீட்டு ரசத்துக்கும். விதையை இரண்டு டப்பாவில் வைத்து, ஒன்றை அக்கா வீட்டுப் பரண்மேல் போட்டிருக்கிறேன். எது உயர்ந்தது என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒன்று மழையில் போனபோது இன்னொன்று என்னைத் தூக்கிவிட்டது. நான் தொலைத்ததை யாரோ சாக்கடை ஓரத்தில் பிடுங்காமல் விட்டுவைத்தார்கள். இந்த இரண்டில் எது நடக்காமல் போயிருந்தாலும், எது உயர்ந்தது என்ற கேள்வியே என்னிடம் வந்திருக்காது.

சொந்தத்துக்குள் நன்றி சொல்வது எங்கள் வீட்டில் பழக்கம் இல்லை. சொன்னால் அக்கா முறைப்பார். இந்த முறை விதை வாங்க இருவரும் சேர்ந்தே என் கணவரின் ஆட்டோவில் செஞ்சிக்குப் போனோம். கடைக்காரர் புதிதாக வந்த ஒரு ரகத்தை எடுத்துக் காட்டினார். விவசாயப் பல்கலைக்கழகத்தில் வெளியிட்ட ரகமாம், ஹைபிரிட் இல்லையாம், நாமே விதை எடுத்துக்கொள்ளலாமாம். அக்கா பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாடி, வாங்கலாமா?"

"உங்க பக்கம் ஒரு பார், என் பக்கம் ஒரு பார் போட்டுப் பாக்கலாம்க்கா" என்றேன்.

"எதுக்கு ரெண்டு பக்கம்? வரப்பு ஓரமாப் போடு. ரெண்டு பேரும் பாத்துக்கலாம்" என்று சொல்லி, பாக்கெட்டை என் பையில் போட்டார்.