பிராங்கிளின் வீட்டுச் சாரங்கு

தண்ணீர் பாட்டில் மூடி, கதவுத் தாழ்ப்பாள், எதிரில் நிற்பவரின் சட்டைப் பொத்தான் என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் திருகிப் பார்த்துக்கொண்டேதான் பிராங்கிளின் பேசுவார். துறைமுகத்தில் கன்டெய்னர் கட்டுகிற வேலை. அடுக்கிய பெட்டிகள் கடலில் சரியாமலிருக்க மூலைக்கு மூலை இரும்புப் பூட்டைச் செருகித் திருக வேண்டும். ராயபுரத்தில் எங்கள் தெரு மாப்பிள்ளை ஒருவன் இவரிடம் கைகுலுக்கிவிட்டுப் போய், கோயிலில் இடக்கையால்தான் மோதிரம் மாற்றினான்.

கிரேன் இரைச்சலில் பழகிய தொண்டை. மெதுவாகப் பேச வராது. அவர் கொட்டாவி விட்டால் எண்ணூரில் நிற்கும் கப்பல் பதிலுக்கு ஊதும்.

அவருக்கு இரண்டு உயிர். ஒன்று, கைக்குழந்தைப் பேத்தி. மற்றது சாரங்கு. விசைப்படகு ஓட்டுகிறவரைச் சாரங்கு என்பார்கள்; அந்தப் பெயரைச் சுமந்த, காது கிழிந்த கடுவன் பூனை. மீன்பிடித் துறைமுகத்துப் பூனைகளோடு சண்டை போட்டே வளர்ந்தது.

சென்ற மாதம் சாரங்குக்கு ஈறு வீங்கிச் சோறு இறங்கவில்லை. கால்நடை மருத்துவர் ஷாலு ரத்தத்தைச் சோதித்துவிட்டு, மனிதர்களுக்கு எய்ட்ஸ் தருகிற வைரஸின் பங்காளி இது, ஆனால் பூனைக்கு மட்டும் வருவது என்றார். பெரும்பாலும் கடியில்தான் பரவும். சண்டையை நிறுத்தக் காயடித்துவிடலாம். நோயின் பெயரைக் கேட்டபோது விறைப்பாக நின்ற பிராங்கிளின், காயடிப்பு என்றதும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவி ஜானட்டின் காதில் ரகசியமாகச் சொன்னார்: “தோ பார்மே, ஆர்கிட்டயும் சொல்லாத. சாரங்குக்கு எய்ட்ஸ் மாதிரி இன்னாவோ வந்துகீது.”

தெருமுனை டீக்கடையிலிருந்து பதில் வந்தது: “மாமு, மொதல்ல அத்த தூக்கினு போய் புழல்ல வுட்டுட்டு வா!”

மருமகள் பெர்சிஸ் குழந்தையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “ஒண்ணு அந்தப் பூன இருக்கட்டும், இல்லாட்டி நானும் கொழந்தையும் இருக்கோம் மாமா. யானகவுனில எங்கம்மா வூடு கீது.” அன்றிலிருந்து குழந்தையை அவர் கையில் தரவில்லை.

மறுநாள் பிராங்கிளின், மேஸ்திரியிடம் கேட்டு, கழித்துப்போட்ட கன்டெய்னர் பூட்டு ஒன்றைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் பெர்சிஸ் முன்னால் டொம்மென்று வைத்தார்.

“இத பாரும்மா. டாக்டரு சொன்னாங்கோ, வைரஸ் ஒரு ஒற போத்தினுகீது. அது மேல இந்த மாதிரி குமிழு குமிழா நீட்டினு கீது. பூன ரத்தத்துல காவக்கார அணு ஒண்ணு கீது, அத்து மேலதான் இதுக்கு ஏத்த ஓட்ட. நொழைஞ்சி ஒரு திருப்பு, உள்ள பூந்துரும். வாலுல, நகத்துலலாம் புடிக்காது. நமக்கும் காவக்காரன் கீறான், ஆனா ஓட்ட வேற தினுசு.” அடுப்படியிலிருந்து இட்லிக் குண்டானை எடுத்துவந்து அதன்மேல் பூட்டை வைத்து ஒரு திருகு திருகினார். குண்டான் நசுங்கியது. “பாத்தியா? மாட்டல!”

“யோவ், எங்கம்மா குடுத்த குண்டான்யா அது!” என்றாள் ஜானட்.

பெர்சிஸ் சிரிக்கவில்லை. “அந்த வைரஸ் நமக்கு மாட்டாது, சரி மாமா. காவக்காரன் போயிட்டா சாரங்குக்கு வேற கிருமி எது வேணா வருமே. அது குண்டான்ல மாட்டாதுன்னு ஆரு சொன்னா?”

பிராங்கிளினின் குரல் அன்றுதான் பக்கத்து வீட்டுக்குக் கேட்கவில்லை. “அத்த கேக்கலியேம்மா” என்றாராம்.

மறுபடி மருத்துவரிடம் ஓடினார். பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள், அது மலம் கழிக்கும் மண் தட்டைத் தினமும் சுத்தம் செய்யுங்கள், தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்றார் ஷாலு. அறுவையும் முடிந்தது. இப்போது சாரங்கு ஜன்னலில் உட்கார்ந்து, தெருவில் சண்டை போடும் பூனைகளை ஓய்வுபெற்ற தாசில்தார் போலப் பார்க்கிறது.

பிராங்கிளினோ கழுவத் தொடங்கினார். முழங்கை வரை சோப்பு, நகத்துக்குப் பழைய டூத் பிரஷ். அவர் விடுகிற நுரையில் ஒரு கப்பலையே குளிப்பாட்டலாம். கைகளை மோந்து பார்ப்பார். பெர்சிஸ் முன்னால் போய் நிற்பார், வாய்விட்டுக் கேட்கமாட்டார். அவள் குழந்தையோடு உள்ளே போய்விடுவாள். திரும்பி வந்து மறுபடி கழுவுவார்.

நேற்றுச் சாயங்காலமும் குழாயடியில் அப்படித்தான் தேய்த்துக்கொண்டிருந்தார். பெர்சிஸ் வந்து பக்கத்தில் நின்றாள்.

“போதும் மாமா, தோலு உரிஞ்சிடப் போவுது.”

அவர் துண்டைத் தேடித் திரும்புவதற்குள், குழந்தையை அந்த ஈரக் கைகளில் வைத்தாள்.