தண்ணீர் மாற்றும் நாள்

எங்கள் வீட்டில் அக்காவுக்கு 'டேப்' என்று பெயர். கழுத்தில் அளவு டேப் தொங்காமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. பள்ளிச் சீருடை தைப்பது அவள் தொழில். ஒரு பிள்ளையை எதிரே நிற்கவைத்துப் பார்த்தாலே, அடுத்த வருஷத்துக்கு மடிப்பில் எவ்வளவு துணி விட வேண்டும் என்று சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டு மூன்று முறை அளப்பாள். அவள் கல்யாணத்தின்போது, மாப்பிள்ளையையும் அளந்து பார்த்துத்தான் எடுத்தாயா என்று கேட்டு முதுகில் ஓர் அடி வாங்கியிருக்கிறேன்.

மாமா, அதாவது அவள் கணவர், தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டர். நகரம் குடிக்கும் தண்ணீரில் எவ்வளவு குளோரின் சேர்ப்பது என்று பார்த்து வால்வைத் திருப்புகிற வேலை. பணியில் இருக்கும்போது கைபேசி கூடாது. மேசை மேல் ஒரு போன் இருக்கும், அதில்தான் கூப்பிட வேண்டும். நான் மீன் கடைக்காரன். குழம்புக்குப் போகிற மீன் அல்ல, கண்ணாடித் தொட்டிக்குப் போகிற மீன். என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. காலையில் தொட்டி வாங்கி, மதியம் மீன் விட்டு, மறுவாரம் செத்த மீனைப் பையில் போட்டுக்கொண்டு என்னிடமே சண்டைக்கு வருவார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். யார் மீன் செத்தாலும் முதலில் திட்டிவிட்டுத்தான் காரணம் கேட்பேன். இதைச் சொல்லிவைக்கக் காரணம் இருக்கிறது.

அக்காவுக்கு ஒரே மகள். ஏழு வயதில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். காலையில் காய்ச்சல், மதியம் வாந்தி, மாலை நாலு மணிக்கு மாமா வேலை முடிந்து வந்து தூக்கிக்கொண்டு ஓடியபோது குழந்தைக்கு அம்மாவையே அடையாளம் தெரியவில்லை. சில மணி நேரம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். அந்தச் சில மணி நேரத்தை எல்லோரும் அக்காவின் தலையில் போட்டோம். வீட்டில் இருந்தவள் அவள்தானே. அவளுடைய மாமியார் வார்த்தையால் குத்தினார், மற்றவர்கள் பார்வையால் குத்தினார்கள். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நேராகவே கேட்டேன்: "ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதாக்கா?"

அவள் மாமாவைப் பார்த்தாள். மாமா என் பக்கத்தில்தான் நின்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. மகளை இழந்த மனிதர் வேறு எங்கே பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு அவள் சீருடைத் துணியைத் தொடவில்லை. தையல் இயந்திரத்தின் மேல் போர்வையைப் போட்டு மூடினாள். ஒன்றரை வருஷம் படுக்கையிலேயே கிடந்தாள் என்றே சொல்லலாம். மாமா சமைத்து மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போவார்; வந்து பார்த்தால் மூடியது மூடியபடி இருக்கும். அக்கா பாதியாக இளைத்துவிட்டாள். இப்படியே போனால் அவளும் தங்கமாட்டாள் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். குழந்தையின் படிப்பு மேசை காலியாகக் கிடந்தது. அதன் மேல் இரண்டடித் தொட்டி ஒன்றைக் கொண்டுபோய் வைத்தேன். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பாட்டுக்கு வேலையைப் பார்த்தேன். அடியில் செடிக்கான மண், அதன் மேல் சின்னக் கூழாங்கல், பின்வரிசையில் நாடா போல வளரும் வாலிஸ்னேரியா, முன்னால் ஒரு மரக்கட்டையில் நூலால் கட்டிய அனுபியாஸ் செடி. அனுபியாஸின் தண்டை நான் மண்ணுக்குள் புதைக்காமல் விட்டதைப் பார்த்துவிட்டு, ஏன் என்று படுக்கையிலிருந்தே கேட்டாள். புதைத்தால் அழுகிவிடும் என்றேன். பல மாதத்துக்குப் பிறகு அவள் தானாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான். 

விளக்குக்கு டைமர் பொருத்தினேன், காலை பத்துக்கு எரிந்து மாலை ஆறுக்கு அணையும்படி. மீன் உடனே விடக்கூடாது, ஃபில்டரின் பஞ்சில் நல்ல கிருமிகள் குடியேறிக் கழிவைத் தின்னப் பழக நாலைந்து வாரம் ஆகும், அதுவரை வெறும் தண்ணீரைத்தான் சோதித்துக்கொண்டிருக்க வேண்டும் என்றேன். மற்றவர்களாக இருந்தால் இரண்டாம் நாளே மீன் கேட்டிருப்பார்கள். டேப்புக்கு இது பிடித்துப்போயிற்று. பத்து மணிக்கு விளக்கு எரிந்ததும் எழுந்து வந்து, சோதனைக் குழாயில் மருந்துச் சொட்டு விட்டு, மாறிய நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள். எழுந்தவள் பல் தேய்த்தாள். பல் தேய்த்தவள் இரண்டு வாய் சாப்பிட்டாள். முப்பத்தாறு நாள் ஒரு மீன்கூட இல்லாத தொட்டியைக் காவல் காத்த ஒரே ஆள் என் அனுபவத்தில் அவள்தான்.

பிறகு எட்டு ரஸ்போரா மீன் விட்டேன், இரண்டு வாரம் கழித்து ஆறு கோரி மீன். ஒன்று நடுத் தண்ணீரில் கூட்டமாகத் திரியும், மற்றது அடியில் மீசையால் துழாவித் தின்னும். ஒன்றை ஒன்று சீண்டாது. இரண்டுமே தனியாக இருந்தால் பயந்து சாகிற ஜாதி, அதனால்தான் கூட்டமாக விட்டேன். அழகாக இருக்கிறதே என்று டைகர் பார்பைச் சேர்த்து மற்ற மீன்களின் வாலைக் கடிக்கவிடுகிற புத்திசாலிகளைப் பற்றிச் சொன்னபோது அக்கா சிரித்தாள். மாமா சமையலறைக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரினை முறிக்க, வாளிக்கு இரண்டு சொட்டு மருந்து. அக்கா அதோடு நிற்கவில்லை. ஊரில் எங்கேயாவது பெரிய குழாய் உடைந்தால், ரிப்பேருக்குப் பிறகு நிலையத்தில் குளோரினை மூன்று நாலு மடங்கு கூட்டிவிடுவார்கள். அன்றைக்கு இரண்டு சொட்டு போதாது. அதனால் வாளியைத் தூக்குமுன் மாமாவின் மேசை போனுக்குக் கூப்பிட்டு, இன்று மாற்றலாமா என்று கேட்பாள். மாத்து என்றால் மாற்றுவாள், வேண்டாம் என்றால் நிறுத்திவிடுவாள். ஊருக்கே தண்ணீர் கொடுக்கிறவரை வீட்டு மீன்காரராக்கிவிட்டாயே என்று நான் கேலி செய்வேன். ஐந்து மாதம் இப்படி நன்றாகப் போயிற்று. தையல் இயந்திரத்தின் மேலிருந்த போர்வையைக்கூட எடுத்து மடித்துவைத்திருந்தாள்.

அன்று மதியம் இரண்டு மணிக்குக் கடைக்குப் போன் வந்தது. "எல்லாம் மேல வந்து வாயைப் பிளக்குதுடா" என்றாள். நான் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கோரிகள் மல்லாந்து கிடந்தன. ரஸ்போராக்கள் வாலிஸ்னேரியாவுக்கு நடுவே சிக்கி, ஃபில்டர் தள்ளுகிற பக்கமெல்லாம் ஆடிக்கொண்டிருந்தன. செடிகளை வெட்டிவிட்டதில் தண்ணீர் கலங்கிப்போயிற்று என்று அன்று பாதித் தொட்டியை மாற்றியிருந்தாள். மிச்சம் இருந்த வாளித் தண்ணீரை முகர்ந்தேன். நீச்சல் குளத்து வாடை மூக்கில் ஏறியது.

அவள் கையில் வலையோடு நின்றாள். முகம் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்த அதே முகம். என் வாய் சும்மா இருக்குமா? "மாத்தறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதாக்கா?" என்றேன்.

சொன்ன பிறகுதான் அதே வார்த்தைகள் என்பது எனக்கு உறைத்தது. அவளுக்கு உடனே உறைத்திருக்க வேண்டும். ஒரு கோரியை வலையில் எடுத்து, விரித்து வைத்திருந்த துணியில் கிடத்தினாள். ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தாள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். 

நாலரைக்கு மாமா வந்தார். சீருடைச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. துணியில் கிடந்த பதினாலு மீனையும் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்த முறையும் அக்கா போன் பண்ணாமல் விட்டுவிட்டாள் என்று அவரிடமும் அலுத்துக்கொண்டேன்.

"பண்ணினா" என்றார். "பன்னெண்டு மணிக்குப் பண்ணினா. குழாய் உடைஞ்சு குளோரின் டோஸ் ஏத்தியாச்சு. நான் வேலை மும்முரத்துல, ஒண்ணும் ஆகாது, மாத்துன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன்."

 அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கும் பண்ணினா" என்றார். "பாப்பாவுக்கு முடியலைன்னு பன்னெண்டு மணிக்கே பண்ணினா. ஒண்ணும் ஆகாது, மாத்திரை குடு, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன்."

 இரண்டு வருஷம் நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவளைத் தின்றிருக்கிறோம். இவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவளும் இவரைக் காட்டிக்கொடுக்காமல் அத்தனையையும் வாங்கிக்கொண்டு படுத்திருக்கிறாள். எழுந்து அவரை அடித்துவிடலாமா என்றிருந்தது. ஆனால் எந்த முகத்தோடு அடிப்பேன்? நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தானே.

அக்கா கடைசி ரஸ்போராவையும் துணியில் வைத்தாள். அழவில்லை. அவரை நிமிர்ந்து பார்த்து, குரலை உயர்த்தாமல் கேட்டாள்: "பதினாலு மீனுக்காகச் சொல்ல முடிஞ்சுது, இல்லையா?"

 அவள் துணியின் நாலு மூலையையும் சேர்த்து முடிந்து என்னிடம் கொடுத்து, தொட்டியையும் எடுத்துப் போகச் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "நீ கேட்டது சரிதான்டா, ஆளை மாத்திக் கேட்டுட்ட" என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி அவள் என்னிடம் பேசியதில்லை.

இருவரும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். தையல் இயந்திரத்தின் மேல் மறுபடியும் போர்வை விழுந்துவிட்டது. மாமா எப்போதாவது கடைக்கு வந்து, அந்தத் தொட்டியின் முன் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். செடிகள் நன்றாகத்தான் வளர்ந்திருக்கின்றன; மீன் விட எனக்குக் கை வரவில்லை. போன மாதம் வந்தபோது அவர் தகவல் சொல்வது போலச் சொன்னார். வீட்டில் அக்கா வழுக்கி விழுந்து மணிக்கட்டு எலும்பு உடைந்திருக்கிறது. காலை பதினொரு மணிக்கு. நாலரைக்கு அவர் போய்ப் பார்த்தபோது, வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாளாம். அன்று முழுக்க மேசை போன் ஒரு முறைகூட அடிக்கவில்லை என்றார்.