தெய்வாத்தாளுக்கு ஓர் உருவாரம்

அன்னூர்ப் பக்கம் எங்கள் கண்ணையாவைப் போல ஆளைக் காக்கவைத்த குயவர் வேறு யாரும் இருக்க முடியாது. கல்யாணப் பானை கேட்டு யார் பறந்தாலும் சரி, வனைந்த பானையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். ஜில்லென்றால் உள்ளே ஈரம் இருக்கிறது. "இன்னும் காயோணுமுங்க. சூளையில வெச்சா வெடிச்சுபோடும்," என்று திருப்பி அனுப்பிவிடுவார். நான் பக்கத்து வீடு. என் மகள் கல்யாணத்துக்கே அப்படித்தான் இழுத்தடித்தார்.

அந்த மனிதரை அவசரப்பட வைத்தது அவர் மனைவி தெய்வாத்தாளின் வயிற்றுக் கட்டி. கோவை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷனுக்கு நாளும் குறித்துவிட்டார்கள். துணைக்கு மகள் நித்யஸ்ரீ இருந்தாள். கத்தி வைப்பதற்குள் மாகாளியம்மனுக்கு உருவாரம் வைத்துவிட வேண்டும் என்று தெய்வாத்தாள் வேண்டிக்கொண்டிருந்தாள். நோய் தீர வேண்டிக் கோயிலில் வைக்கிற மண் உருவம் அது. ஊருக்கெல்லாம் செய்து கொடுத்தவர், இப்போது தன் பெண்டாட்டிக்கு அவள் சாயலிலேயே செய்தார்.

ஐப்பசி அடைமழை. உருவாரம் காயவே இல்லை. அடுப்போரம் வைத்துப் பார்த்தார். மேலே காய்ந்தது, கழுத்துக்குள் ஈரம் அப்படியே நின்றது. கன்னத்தில் வைத்துப் பார்க்கவில்லையா என்று பிறகு கேட்டேன். "ஜில்லுன்னுதானுங்க இருந்துச்சு. தெரிஞ்சேதான் சூளையில வெச்சேன்," என்றார். சூளையைப் பிரித்தபோது அது சில்லு சில்லாகக் கிடந்தது.

அன்று காலைதான் ஆபரேஷன். தெய்வாத்தாள் போன் செய்தாள்.

"ஏனுங்க, வெச்சாச்சுங்களா?"

"வெச்சுபோட்டனம்மணி."

"அப்பச் சரிங்க. இனி எனக்குப் பயமில்லீங்க."

அவள் பிழைக்கவில்லை. கட்டி முற்றிப்போயிருந்தது என்று டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். இவர் கேட்டால்தானே! ஈரத்தோடு சூளையில் வைத்துத் தானே அவளைக் கொன்றுவிட்டதாகப் புலம்பினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க சொன்ன அந்தப் பொய்யாலதானுங்க அவங்க பயமில்லாமப் போனாங்க!" என்று கத்திவிட்டேன். தலையை ஆட்டினார். மனதில் ஏறவில்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

பங்குனி வெயிலில் இன்னொன்று செய்து காயவைத்தார். தெய்வாத்தாளின் அதே மேடான நெற்றி. ஆற அமரக் காய்ந்து, ஒரு கீறல் இல்லாமல் வெந்து வந்தது. அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பியவரை வழியில் மறித்தேன்.

"இனி யாருக்குங்க இது?"

"வெச்சுட்டேன்னு அவகிட்டச் சொல்லிபோட்டனுங்களே," என்றார்.