சுரங்கத்துக்கு ஒரு பள்ளிக்கூட மணி

தலவாக்கலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் டீச்சராக இருந்தேன். பள்ளிக்கூடம் என்றால் தகரக் கூரை போட்ட ஒரே கூடம்தான். ஜன்னலைத் திறந்தால் கீழே ரயில் பாதையும் சுரங்கத்தின் வாயும் தெரியும். அந்தச் சுரங்கத்துக்குள் என் தம்பி காண்ட்ராக்ட்டில் பாதை வேலை செய்தான்.

ரயில் வருவதைச் சொல்ல வெளியே ஒருவர் கொடியோடு நிற்பார். மூடுபனி இறங்கினால் கொடியும் தெரியாது, பிடித்தவரும் தெரியமாட்டார். தண்டவாளத்துக்கு அடியில் சல்லி இடிக்கிற சத்தத்தில் அவர் விசில் யார் காதிலும் ஏறாது. என் தம்பியோ எதையும் ஆற அமரச் செய்கிறவன். ரயில் என்று கத்தினாலும், கடப்பாரைபோன்ற அந்த இரும்பு அலவாங்கைத் துடைத்துத் தோளில் வைத்துக்கொண்டு கடைசி ஆளாகத்தான் வெளியே வருவான். ஒவ்வொரு ரயிலுக்கும் நான் ஜன்னலில் நின்று, வெளியே வருகிற ஆட்களை எண்ணுவேன்.

அப்போதுதான் கொழும்பிலிருந்து ஒரு சிங்கள இன்ஜினியர் வந்தார். வேலையாட்களுக்கு ஆபத்து வராமலிருக்க என்ன கருவி வைக்கலாம் என்று யோசனை சொல்வது அவர் தொழில். ஸ்டேஷனிலிருந்து கம்பி இழுத்து, சுரங்கத்தின் உள்ளேயும் வாயிலும் மின்சாரச் சங்கு வைத்தார். அது ஊதினால் எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். அவருக்குத் தமிழ் வராததால், சிங்களம் தெரிந்த என்னைக் கூப்பிட்டார்கள். நான் அதை விளக்கிச் சொன்னேன், எல்லாரும் நன்றாகத் தலையாட்டினார்கள்.

சோதனைக்குச் சங்கை ஊதியபோது அவர்கள் வெளியே உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டதுதான் தாமதம், அத்தனை பேரும் அலவாங்கைத் தூக்கிக்கொண்டு நேரே சுரங்கத்துக்குள் போய்விட்டார்கள்.

"ஐயோ, எங்க போறீங்க?" என்று கத்தினேன்.

"சங்கு ஊதிருச்சே டீச்சரம்மா, வேலைக்குப் போறோம்!"

தேயிலை ஃபேக்டரிச் சங்கைக் கேட்டதும், வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடிப் பழகிய கால்கள் அவை. நான் விளக்கியபோது தலை ஆடியதே தவிர, கால்களுக்கு யார் சொல்வது? எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இன்ஜினியர் நல்ல மனிதர், கோபிக்கவில்லை. எந்தச் சத்தம் கேட்டால் இவர்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுவார்கள் என்று என்னைக் கேட்டார். அதற்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூடம் விடும்போது நாங்கள் விடாமல் அடிக்கிற கடைசி மணிதான் அது. பகலெல்லாம் தூங்கி வழிகிற பிள்ளைகூட அதற்குப் பறந்துவிடும்; இவர்களும் ஒரு காலத்தில் அப்படிப் பறந்தவர்கள்தான். சங்கைக் கழற்றிவிட்டு, விடாமல் அடிக்கும் மின்சார மணியை மாட்டினார்.

முதல் ரயிலுக்கு மணி அடித்தபோது நான் பாடத்தை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு ஓடினேன். கீழே பனிக்குள்ளிருந்து ஆட்கள் கும்பலாக ஓடி வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால், துடைக்காத அலவாங்கோடு, என் தம்பி!

"அக்கா, பள்ளிக்கூடம் விட்டாச்சு!" என்று கையை ஆட்டினான்.

படிக்கிற காலத்தில் உள்ளே வர அழுதவன், கடைசி மணிக்கு மட்டும் வாசலில் முதல் ஆளாக நிற்பான். அது எனக்கு எப்படி மறந்துபோனது? சிரித்தேன், கண்ணில் நீர் கொட்டியது.

திரும்பிப் பார்த்தால் பெஞ்சுகள் காலி. என் பிள்ளைகளும் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடி, ரயிலுக்குக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். கூப்பிட வாயைத் திறந்தேன். பிறகு சாக்குக்கட்டியை மேசையில் போட்டுவிட்டு நானும் வெளியே ஓடினேன்.