பின்பெட்டியில் ஒரு கோயில்

போன சனிக்கிழமை காலை, ஈப்போவில் என் காரை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். புகார் ஒன்றே ஒன்று. புதிதாக வாங்கியபோது, ஒரு முறை சார்ஜ் செய்தால் ஐம்பது கிலோமீட்டர் பேட்டரியிலேயே போகும் என்றார்கள். இப்போது முப்பத்தைந்தைத் தொடுவதற்குள் பெட்ரோல் எஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்துவிடுகிறது. ஏன்?

பிளக்-இன் ஹைபிரிட் கார் அது. வீட்டுப் பிளக்கில் செருகி சார்ஜ் போடலாம். சார்ஜ் தீர்ந்தால் பெட்ரோலில் ஓடும். பணி ஓய்வுக்குப் பிறகு வாங்கினேன். முழு மின்சாரக் காருக்கு மாற இந்த வயதில் தைரியம் வரவில்லை. பாதி போதும் என்று தோன்றியது.

பிரகாஷ் என்ற மெக்கானிக் தன் கணினியைச் செருகி, சிறிது நேரம் பார்த்தார்.

"பேட்டரி ஓகே லா, அங்கிள். உள்ள ஒரு பியூஸ் மட்டும் பாக்கணும். பின்னால தொறக்கறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் காரின் பின்பெட்டியைத் திறந்துவிட்டார். திறந்தவர் அப்படியே நின்றார். பிறகு காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கும்பிட்டார்.

தூரத்தில் இருந்த சீன மேற்பார்வையாளர், பட்டறைக்குள் ஏன் சப்பாத்தைக் கழற்றினாய் என்று மலாயில் அதட்டினார். பிரகாஷ் திரும்பிப் பார்த்து, "டோக்கோங், பாஸ்!" என்றார். கோயில், முதலாளி! மேற்பார்வையாளரும் வந்து எட்டிப் பார்த்தார். போகும்போது ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போனதைக் கவனித்தேன்.

உள்ளே இருந்தவை: ஒரு பெரிய வெண்கல மணி. ஆள் இடுப்பு உயரத்துக்கு இரண்டு குத்துவிளக்குகள். ஒரு சூலம். தாம்பாளங்கள். ஒரு செப்பு அண்டா. எல்லாவற்றுக்கும் கீழே, என் வீட்டுப் பழைய போர்வை.

"அங்கிள், இவ்ளோ வெயிட்ட ஏத்திக்கிட்டு ரேஞ்சு கொறையுதுன்னு கம்ப்ளைன் பண்றீங்களே… அம்மனுக்கே அடுக்குமா?"

அடுக்காதுதான்.

விஷயம் தெரியாமல் நான் கார் ஓட்டுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பத்திரிகையில் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். எதையும் நாலு இடத்தில் படித்து, தேதி போட்டுக் குறித்துவைத்த பிறகுதான் தொடுவேன். எங்கள் எஸ்டேட்டில் எந்தத் தீமிதி எந்தக் கிழமையில் நடந்தது, எந்த வருஷம் ரப்பர் மரங்களைச் சாய்த்து செம்பனை நட்டார்கள் – எல்லாம் என்னைத்தான் கேட்பார்கள். இங்கேயும் தேதிகளை எழுதத்தான் ஆசை. ஆசிரியர் வெட்டிவிடுவார்.

ஆக, பேட்டரி ஓட்டத்தை நீட்டிக்கும் வழிகளையும் படித்திருந்தேன். கிளம்பும் முன், கார் பிளக்கில் இருக்கும்போதே ஏசியைப் போட்டு உள்ளே குளிரவைத்துவிட வேண்டும். நம் ஊர் வெயிலில் காரைக் குளிரவைப்பதுதான் பெரிய செலவு. அதை வீட்டுக் கரண்டு ஏற்கட்டும். பிறகு ஏசியை இருபத்தைந்துக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது. டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும். அதையும் காலையில் டயர் சூடேறும் முன் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலை வேகத்தில் பேட்டரி கரைந்துபோகும் – அங்கே பெட்ரோலில் ஓட்டிவிட்டு, மின்சாரத்தை டவுனுக்கு மிச்சம் வைக்க வேண்டும். சிவப்பு விளக்கைத் தூரத்தில் கண்டதுமே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். கார் தானே வேகம் குறையும்போது கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும்.

கடைசியாக ஒன்று. தேவையில்லாத பாரத்தை இறக்கிவையுங்கள்.

எதுவெல்லாம் தேவையில்லாத பாரம்? அதை மட்டும் எந்தக் கட்டுரையும் சொல்லவில்லை.

சுங்கை சிப்புட் பக்கம் இருந்த எங்கள் எஸ்டேட் விற்கப்பட்டு, வீடமைப்புத் திட்டம் வந்தபோது, அம்மன் கோயிலைக் காலி செய்யச் சொன்னார்கள். அம்மன் சிலையை முறைப்படி டவுன் கோயில் ஒன்றில் தற்காலிகமாக வைத்தோம். அங்கே ஏற்கெனவே மூன்று எஸ்டேட் சாமிகள் இதே மாதிரி விருந்தாளிகளாக இருந்தார்கள். சாமான்களுக்கு இடமில்லை. "கோயிலுக்கே எழுதிக் குடுத்துட்டீங்கன்னா எடுத்துக்கறோம். வெச்சுப் பாத்துக்க முடியாது" என்றார்கள் டவுன் கோயில்காரர்கள். நியாயம்தான். ஆனால் எங்கள் கமிட்டித் தலைவர் மாணிக்கம் அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை.

"மணியக் குடுத்துட்டா கோயிலையே குடுத்த மாதிரி லா. நெலம் கேட்டுருக்கோம். நெலம் கெடைக்கிற வரைக்கும் மணி நம்மகிட்ட இருக்கணும்."

யாரிடம்? அங்கேதான் சிக்கல். சாமி சாமானை மாமிசம் சமைக்கும் வீட்டில் வைக்கக் கூடாது. ஒருவர் வீட்டில் ஞாயிறு தவறாமல் ஆட்டுக்கறி. இன்னொருவர் வீட்டில் மருமகள் பிள்ளை பெறும் சமயம், தீட்டு. மற்றொருவர் வீட்டில் துக்கம் நடந்து ஒரு வருஷம் ஆகவில்லை. என் வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் மீன். என் மனைவி கமலா வைக்கும் மீன் குழம்பின் வாசம் தொடாத இடம் என்று பார்த்தால்… கார் ஒன்றுதான்.

"ரெண்டு வாரம்தானே, என் கார்ல இருக்கட்டும்" என்று சொல்லித் தொலைத்தேன்.

எப்போது சொன்னேன் என்று கேட்காதீர்கள். அதற்குப் பிறகு ஒரு தைப்பூசம், ஒரு தீபாவளி, மறுபடி ஒரு தைப்பூசம் போய்விட்டன.

மணி ஏறிய நாளிலிருந்து கார் சுத்த சைவம். மீன் வாங்க கமலா வாடகைக் காரில் பாசாருக்குப் போகிறாள். நம் கார் வாசலில் நிற்கிறது. பாரிட் புந்தாரில் பெரியப்பா மகன் இறந்தபோது, சாவு வீட்டுக்கு இந்தக் காரை எடுக்க முடியாமல் பஸ்ஸில் போய் வந்தோம். திரும்பும்போது கமலா கேட்டாள்: "நம்ம காடிய எதுக்குத்தான் வாங்குனோம்?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒரு நன்மை உண்டு, மறைக்கக் கூடாது. மின்சாரத்தில் ஓடும்போது கார் சத்தமே போடாது. அந்த அமைதியில், திடீரென்று பிரேக் போட்டாலோ மேட்டில் ஏறி இறங்கினாலோ பின்னால் 'டங்' என்று ஒரு மணியோசை. மணியின் நாக்கைத் துண்டால் கட்டித்தான் வைத்திருக்கிறேன், ஆனாலும் அடிக்கும். அதற்குப் பயந்தே மெதுவாக ஓட்டப் பழகிவிட்டேன். பாரத்தால் போன கிலோமீட்டரில் பாதியாவது அந்தப் பயத்தால் திரும்ப வந்திருக்கும்.

ஆனாலும் களைத்துவிட்டது. பிரகாஷ் சப்பாத்தைக் கழற்றிய அன்றே முடிவு செய்தேன். போதும். இறக்கிவிட வேண்டும்.

மறுநாள் ஞாயிறு. வேண்டிய விதிகளையெல்லாம் கடைப்பிடித்து, பழைய சாலை வழியாக சுங்கை சிப்புட்டுக்குக் கிளம்பினேன். மாணிக்கம் அண்ணனிடம் சொல்ல வேண்டியதை வழி முழுக்க ஒத்திகை பார்த்தேன். அவர் வீட்டுக்கு முந்தைய சிக்னல் விளக்கில், வழக்கம்போல, பேட்டரி தீர்ந்து எஞ்சின் எழுந்தது.

அண்ணன் ஏற்கெனவே வாசல் கேட்டருகே நின்றிருந்தார். "முக்கு பம்பு மேட்டுல மணி கேட்டுச்சு. என்ன தம்பி, ஞாயித்துக்கெழமை பெரட்டு எடுக்க வந்துட்ட?" எஸ்டேட்டில் விடியற்காலையில் ஆள் எண்ணுவதுதான் பெரட்டு. எத்தனை வருஷமானாலும் அவருக்கு அந்தக் கிண்டல் போகாது.

"அண்ணே, ஒரு விஷயம் பேசணும்."

"நானும்தான். நான் சொல்லிர்றேன்." வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நெலம் கெடைக்காது. பிளான்ல கோயிலுக்கு எடமே இல்லையாம், கம்பெனில முடிவா சொல்லிட்டாங்க. எனக்கும் அலைஞ்சு அலைஞ்சு காலு போச்சு. டவுன் கோயிலுக்கே குடுத்துடலாம். இன்னிக்கே எறக்கிடு."

எதைக் கேட்க வந்தேனோ, அது கேட்காமலேயே கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டும் அல்லவா? பின்பெட்டியைத் திறந்தேன்.

அண்ணன் குனிந்து மணியைத் தடவிப் பார்த்தார். "என்னடா இது… கோயில்ல இருந்தப்பகூட இப்படி மின்னுனது இல்லையே. புளி போட்டுத் தேச்சியா?"

"கமலாதான். வெள்ளிக்கெழமை ஆனா தேய்க்கிறா."

"என்னைத் திட்டிக்கிட்டேதானே தேய்க்கும்?"

"உங்களையும் என்னையும்."

அவர் சிரித்தார். அதற்குள் எதிர் வீட்டுத் தனம் அக்கா தட்டில் பூவோடு வந்துவிட்டார். எங்கள் எஸ்டேட்டுக்காரர். செருப்பைச் சாலையிலேயே விட்டுவிட்டு, மணிக்குப் பூ வைத்தார், விளக்குக்குப் பூ வைத்தார். கற்பூரத்தை எடுத்துத் தீப்பெட்டியைத் தேடியபோதுதான் நான் பதறினேன்.

"அக்கா, வேணாம்! கீழ பேட்டரி இருக்கு!"

"இருந்தா என்ன? அதுவும் கும்பிடட்டும்."

ஒரு வழியாகத் தடுத்தேன். நெருப்பில்லாமல் கும்பிட்டவர், திரும்பி, எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார்: "ஆமா, இந்த வருஷம் ஆடிக் கூழு எங்க ஊத்தறோம்? அண்டா இங்கதானே இருக்கு?"

மாணிக்கம் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் பதில் சொன்னவர் அவர்தான்.

"இங்கதான் அக்கா," என்றேன். "கார் பக்கத்துல."

அக்கா தலையாட்டிவிட்டுப் போனார். அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"நீ எறக்கத்தானே வந்த?"

"ஆமாண்ணே."

"அப்புறம்?"

"அண்ணே, சார்ஜ் போடணும். உங்க வீட்டு பிளக்கு எந்தப் பக்கம்?"

தேத்தண்ணி குடித்து, பேசி, மாலை வரை சார்ஜ் போட்டும், ஈப்போவுக்குள் நுழைவதற்குள் பேட்டரி மறுபடி காலி. பெட்ரோலிலேயே வீடு வந்தேன். எங்கள் தெரு முனையில் ஒரு மேடு. எவ்வளவு மெதுவாக ஏறினாலும் விடாது… டங்.

கமலா வாசலுக்கு வருவதற்கு முன்பே அவள் குரல் வந்தது.

"எறக்கலையா?"

"ஆடி முடியட்டும்னு பாத்தேன்."

"எந்த வருஷத்து ஆடி?"

ஊரே தேதி கேட்டு வரும் ஆள் நான். கார் கதவைச் சாத்திவிட்டு, பிளக்கைத் தேடிப் போனேன்.